கார் இல்லாமல் இத்தாலி: தண்டவாளங்கள் சொல்லும் கதை

இத்தாலிக்கு முதல்முறையாகப் போகத் திட்டமிடும் எல்லோருக்கும் வரும் சந்தேகம் ஒன்று உண்டு. கார் எடுக்காமல் அந்த நாட்டைச் சுற்றிப் பார்க்க முடியுமா? தாராளமாக முடியும். ரோம், ஃப்ளாரன்ஸ், வெனிஸ், மிலான், நேப்பிள்ஸ் என எல்லா முக்கிய நகரங்களுக்கும் ரயில் இருக்கிறது. ஆனால் தெற்கே போகப் போக ரயில்கள் குறையும், வேகமும் குறையும். ஏன் இப்படி? இதைப் புரிந்துகொள்ள கொஞ்சம் வரலாற்றைப் புரட்ட வேண்டும்.

மன்னரின் ரயில், போப்பின் எதிர்ப்பு

1839இல் இத்தாலி என்று ஒரு நாடே கிடையாது. பல அரசுகளாகப் பிரிந்து கிடந்தது. அந்த வருடம் அக்டோபர் 3ஆம் தேதி அங்கே முதல் ரயில் ஓடியது. எங்கே தெரியுமா? தெற்கில்! நேப்பிள்ஸிலிருந்து போர்ட்டிச்சி வரை, வெறும் ஏழரை கி.மீ. போர்ட்டிச்சியில் மன்னர் இரண்டாம் ஃபெர்டினாண்டுக்கு அரண்மனை இருந்தது.

அடுத்த வருடம், ஆஸ்திரியாவின் ஆட்சியில் இருந்த மிலானிலிருந்து மோன்சாவுக்கு ரயில் வந்தது. 1846இல் கடற்கழியின் மேல் 222 வளைவுகள் கொண்ட பாலம் கட்டி வெனிஸுக்குள் ரயிலைக் கொண்டுபோனார்கள். அதுவரை வெனிஸுக்குப் படகில்தான் போக வேண்டும். கார் போகும் பாலம் 1933இல்தான் வந்தது. அதாவது ரயிலுக்கு 87 வருடம் கழித்து!

ரோமை ஆண்ட போப் பதினாறாம் கிரகோரிக்கு ரயில் என்றாலே ஆகாது. அவர் 1846இல் இறந்து, ஒன்பதாம் பயஸ் வந்த பிறகுதான் அனுமதி கிடைத்தது. ரோமின் முதல் பாதை 1856இல் ஃப்ரஸ்காத்தி வரை திறக்கப்பட்டது.

ஒரே நாடு, இரண்டு வேகம்

1861இல் இத்தாலி ஒன்றானபோது சுமார் 2000 கி.மீ. பாதைதான் இருந்தது. அதில் பெரும்பகுதி வடக்கில். முதல் ரயிலைக் கண்ட தெற்கு அதற்குள் பின்தங்கிவிட்டது.

புதிய நாட்டை இணைக்க மலைகளைக் குடைந்தார்கள். 1864இல் அப்பெனைன் மலையைத் தாண்டி பொலோன்யாவுக்கும் பிஸ்டோயாவுக்கும் பாதை திறந்தது. அதன் வழியாக ஃப்ளாரன்ஸும் வடக்கோடு இணைந்தது. 1871இல் ஆல்ப்ஸின் அடியில் சுமார் 13 கி.மீ. நீளமுள்ள ஃப்ரேஜுஸ் சுரங்கம் திறந்தது. லண்டனிலிருந்து இந்தியாவுக்கு வந்த தபால் மூட்டைகள் இந்த வழியாகத்தான் ரயிலில் பிரிண்டிசி துறைமுகம் வந்து, அங்கிருந்து கப்பலேறி சூயஸ் வழியாக பம்பாய்க்கு வந்தன.

முசோலினி காலத்து ரயில்கள்

முசோலினி ஆட்சியில் ரயில்கள் நேரத்துக்கு ஓடின என்று இன்றும் சிலர் சொல்வதுண்டு. அது பெருமளவு பிரசாரம். 1934இல் திறந்த பொலோன்யா - ஃப்ளாரன்ஸ் நேர்ப்பாதை அவர் பதவிக்கு வருமுன்பே தொடங்கிய வேலை. அதன் 18.5 கி.மீ. சுரங்கத்தில் 90க்கும் மேற்பட்ட தொழிலாளர்கள் உயிரிழந்தார்கள்.

1931இல் திறந்த மிலானின் பிரம்மாண்டமான சென்ட்ரல் ஸ்டேஷனுக்கு இன்னொரு முகமும் உண்டு. தபால் ஏற்றுவதற்காக அடித்தளத்தில் இருந்த தண்டவாளத்திலிருந்து, 1944 ஜனவரி 30 அன்று 600க்கும் அதிகமான யூதர்கள் சரக்கு வண்டிகளில் ஆஷ்விட்சுக்கு அனுப்பப்பட்டார்கள். அதில் 13 வயது லிலியானா செக்ரேவும் ஒருவர். உயிர் பிழைத்துத் திரும்பிய அவர் 2018இல் வாழ்நாள் செனட்டர் ஆனார். அந்த இடம் இப்போது நினைவகம். மிலானில் இறங்குபவர்கள் ஒரு மணி நேரம் ஒதுக்கிப் பார்க்க வேண்டிய இடம்.

காரைச் செய்யப் போன ரயில்

1935இல் முசோலினி அரசு கார்லோ லேவி என்ற எழுத்தாளரைத் தெற்கின் ஒரு மலைக் கிராமத்துக்கு நாடு கடத்தியது. அந்த அனுபவத்தை அவர் 1945இல் புத்தகமாக வெளியிட்டார். தலைப்பு: 'கிறிஸ்து எபோலியில் நின்றுவிட்டார்'. எபோலி, சலேர்னோவுக்குத் தெற்கே உள்ள ஊர். அதற்கு அப்பால் கிறிஸ்துவே வரவில்லை, அதாவது நாகரிகமோ அரசின் அக்கறையோ எட்டவில்லை என்பது அந்த மக்களின் ஆதங்கம்.

போருக்குப் பின் அந்த மக்கள் வேலை தேடி வடக்கே கிளம்பினார்கள். சிசிலியிலிருந்து டுரினுக்குப் போன ரயிலின் பெயர் 'சூரிய ரயில்'. அட்டைப் பெட்டிகளோடு அதில் ஏறிய ஏராளமானோர் டுரினின் ஃபியட் தொழிற்சாலையில் சேர்ந்தார்கள். ரயிலில் போய் கார் செய்தார்கள்! 1964இல் மிலான் - நேப்பிள்ஸ் நெடுஞ்சாலை முழுமையானது. நாடு காருக்கு மாறியது. பல கிளைப் பாதைகள் மூடப்பட்டன.

பிறகு ரயிலுக்கு மறுபடியும் நல்ல காலம் வந்தது. 1977இல் ரோம் - ஃப்ளாரன்ஸ் அதிவேகப் பாதையின் முதல் பகுதி திறந்தது. 2009இல் டுரின் முதல் சலேர்னோ வரையிலான அதிவேகத் தடம் முழுமை பெற்றது. ரோமிலிருந்து மிலானுக்கு இப்போது சுமார் மூன்று மணி நேரம்தான். ஆனால் கவனியுங்கள், அந்தத் தடம் சலேர்னோவோடு முடிகிறது. எபோலி அங்கிருந்து சுமார் 30 கி.மீ.!

பயணத் திட்டம்

முதல் பயணத்துக்கு வெனிஸ், ஃப்ளாரன்ஸ், ரோம், நேப்பிள்ஸ் என்ற வரிசை வசதியானது. இந்த ஊர்களின் பழைய பகுதிகள் நடப்பவர்களுக்காகக் கட்டப்பட்டவை. பல இடங்களில் வெளியூர் கார்கள் நுழைந்தால் அபராதம்தான். நேப்பிள்ஸிலிருந்து பொம்பெயிக்கு உள்ளூர் ரயில் உண்டு. முதல் ரயில் ஓடிய பாதையின் ஓரத்தில், பியெத்ரார்சா என்ற இடத்தில், ரயில் அருங்காட்சியகமும் இருக்கிறது. உள்ளூர் ரயில்களில் காகித டிக்கெட் என்றால் ஏறுமுன் மெஷினில் முத்திரை குத்த மறக்கக் கூடாது.

இரண்டு நாள் மிச்சமிருந்தால் தெற்கே போகலாம். பாரியிலிருந்து குறுகிய பாதை ரயில் ஒன்று குகை வீடுகள் உள்ள மத்தேராவுக்கு மெதுவாக ஊர்ந்து போகும். சிசிலிக்குப் போகும் ரயிலையோ சில பகுதிகளாகப் பிரித்து, கப்பலில் ஏற்றி மெஸ்ஸினா நீரிணையைக் கடக்கிறார்கள். வேகம் குறைவுதான். ஆனால் 1861இல் ஒன்றான நாடு இன்னும் எங்கே முழுதாக ஒன்றாகவில்லை என்பதை அந்த ஜன்னலோர இருக்கையிலிருந்துதான் பார்க்க முடியும்.