கொழுப்பு

“ஒடம்புல கொழுப்பு ஏறிப்போச்சுடி ஒனக்கு.” கூலி ஏன் குறையுதுன்னு கேட்ட எங்க ஊர்ப் பொம்பளைக்கு வரப்பு மேலிருந்து கிடைக்கும் பதில் இது. சதைக்கும் திமிருக்கும் தமிழில் ஒரே சொல்தான். ஆண்டை வீட்டம்மா பெருத்தால் அது லட்சுமி கடாட்சம். சேரிக்காரி நாற்பது வயசுக்கு மேல் சதை போட்டால் தின்னு கொழுத்தவள்.

இந்த வசவைக் கேட்கும்போதெல்லாம் எனக்கு ஜானி டில்மன் ஞாபகம் வருகிறார். 1926இல் அமெரிக்காவின் அர்க்கன்சாஸ் மாநிலத்தில், வாரத்துக்குப் பயிரிடும் கறுப்பினக் குடும்பத்தில் பிறந்தவர். சின்ன வயசிலேயே பருத்தி எடுத்தவர். பிறகு லாஸ் ஏஞ்சலிஸ் வந்து சலவை நிலையத்தில் சட்டைகளுக்கு இஸ்திரி போட்டார். ஆறு பிள்ளைகள். 1963இல் நோயில் விழுந்து அரசு உதவிப்பணம் வாங்க வேண்டியதாயிற்று.

அந்தப் பணத்துக்கு ஒரு விலை இருந்தது. அதிகாரி வேளைகெட்ட வேளையில் வீட்டுக்குள் வருவான். ஆம்பளை யாரும் இருக்கானா, புதுசா என்ன வாங்கினா என்று துழாவுவான். ஏழைகளுக்கென்று அந்த அரசு கொடுத்த உபரிப் பண்டமோ மாவு, பன்றிக்கொழுப்பு, வெண்ணெய். அதைத் தின்ன உடம்பு வேறெப்படி இருக்கும்? கொடுத்ததும் அவங்க, தின்னு கொழுத்தான்னு ஏசினதும் அவங்க.

டில்மன் அதே வருசம் தன் குடியிருப்பின் தாய்மார்களைத் திரட்டினார். 1966இல் உருவான தேசிய நல உரிமை அமைப்புக்குத் தலைவரானார். 1967இல் அமைப்பின் பெண்கள் செனட் குழு முன்னால், எங்க பேச்சைக் கேட்காம எழமாட்டோம்னு உட்கார்ந்துவிட்டார்கள். செனட்டர் ரஸ்ஸல் லாங் அவர்களைக் குட்டி போடும் குதிரைகள் என்றார். சட்டசபையிலும் வரப்பு மேலும் ஒரே பாஷைதான்.

1972இல் ‘மிஸ்’ என்ற பெண்ணிய இதழில் டில்மன் எழுதினார். அப்போது வயது நாற்பதுகளின் நடுவில். தன்னை யாரென்று சொல்லும்போது கறுப்பி, ஏழை என்பதோடு குண்டு, நடுவயது என்பதையும் அதே வரிசையில் வைத்தார். வெட்கப்பட்டுச் சொன்னதல்ல. நிறத்தைப் போல, ஏழ்மையைப் போல, உடம்பின் பருமனும் வயசும் ஒருத்தியை ஆள் கணக்கிலிருந்து தள்ளுகின்றன என்று சொன்னார். பெண்கள் வீட்டில் செய்யும் வேலைக்குக் கூலி கொடு என்றும் கேட்டார். கொழுப்புத்தானே!

பம்பாயில் தலித் சிறுத்தைகள் கிளம்பியதும் அதே 1972தான். பேரை அமெரிக்கக் கருஞ்சிறுத்தைகளிடமிருந்து எடுத்துக்கொண்டார்கள். நானும் கருஞ்சிறுத்தைகளைப் பற்றி மேடை மேடையாகப் பேசியவள்தான். 1995இல் டில்மன் செத்துப்போனபோது எனக்குத் தெரியவேயில்லை.