மாடு இல்லாத கோபர் கேஸ்: ஒரு சின்ன வரலாறு

சாண எரிவாயு பற்றிப் பள்ளியில் இரண்டு மதிப்பெண் கேள்விக்காக எல்லோரும் படித்திருப்போம். அதனாலேயே எரிவாயு என்றால் மாடு வேண்டும் என்று மனதில் பதிந்துவிட்டது. ஆனால் இந்தக் கதை மாட்டில் தொடங்கவே இல்லை!

1776ல் இத்தாலிய விஞ்ஞானி வோல்ட்டா (மின்கலம் செய்தாரே, அவரேதான்) மஜ்ஜோரே ஏரியின் சேற்றைக் கிளறி, மேலே வந்த குமிழ்களைப் பிடித்துத் தீ வைத்துப் பார்த்தார். நீல நிறமாக எரிந்தது. அதுதான் மீத்தேன். சேற்றில் அழுகிக் கிடந்த செடிகொடிகள் தந்த வாயு அது.

இந்தியாவில் 1930களின் இறுதியில் எஸ்.வி. தேசாய் டெல்லியில் சாணத்தை வைத்துச் சோதனைகள் செய்தார். 1950களில் ஜஷ்பாய் படேல் மிதக்கும் மூடி கொண்ட கலனை வடிவமைத்தார். 1960களில் கதர் கிராமத் தொழில் ஆணையம் அதை நாடெங்கும் கொண்டு சென்றது. 1981ல் தேசிய எரிவாயுத் திட்டமும் வந்தது.

ஏன் சாணம்? காரணம் எளிது. மீத்தேன் தரும் நுண்ணுயிர்கள் அதிலேயே இருக்கின்றன. காய்கறியோ சீக்கிரம் புளித்துவிடும். அமிலம் அதிகமானால் அந்த நுண்ணுயிர்கள் வேலை செய்யாது, வாயுவும் நின்றுவிடும்.

ஆனால் ஒரு வீட்டு அடுப்புக்கே மூன்று, நான்கு மாடுகளின் சாணம் தேவைப்பட்டது. மாடு இல்லாத ஏழை வீட்டுக்கு? விறகும் புகையும்தான்!

இந்த இடத்தில்தான் புனேயைச் சேர்ந்த ஆனந்த் கார்வே வருகிறார். சாணம் என்பது மாடு சத்தை எடுத்துக்கொண்டது போக மிச்சம்தானே, நுண்ணுயிருக்கு நேராகச் சாப்பாட்டையே போட்டால் என்ன என்று யோசித்தார். 2003 வாக்கில் அவரது ஆர்ட்டி நிறுவனம் இரண்டு பிளாஸ்டிக் தண்ணீர்த் தொட்டிகளை ஒன்றுக்குள் ஒன்று கவிழ்த்து ஒரு கலனைச் செய்தது. 40 கிலோ சாணம் தரும் வாயுவை 2 கிலோ உலர்ந்த மாவுப்பொருள் தரும் என்பது அவர்கள் கணக்கு. (காய்கறியில் பெரும்பகுதி தண்ணீர் என்பதால் அதற்கு இவ்வளவு கிடைக்காது.) 2006ல் லண்டனில் ஆஷ்டன் விருதும் கிடைத்தது.

அடுத்து சந்தைகள். சென்னை கோயம்பேட்டில் 2005ல் நாளுக்கு 30 டன் காய்கறிக் கழிவிலிருந்து மின்சாரம் எடுக்கும் நிலையம் திறக்கப்பட்டது. பிறகு அது முடங்கிப்போனது. ஹைதராபாத் போயன்பள்ளி சந்தையிலோ சுமார் 10 டன் கழிவில் தினம் 500 யூனிட் மின்சாரம் கிடைப்பதாக 2021ல் செய்தி வந்து நாடே பேசியது.

கலன் கட்டுவது ஒரு நாள் விழா. அழுகலையும் பிளாஸ்டிக்கையும் பிரித்துப் போடுவது தினசரி வேலை. இரண்டாவதை யார் செய்வது என்று முடிவு செய்யாமல் முதலாவதைக் கட்டிப் பயனில்லை என்றே எனக்குத் தோன்றுகிறது.

செடியில் தொடங்கி, சாணத்துக்குப் போய், 200 வருடம் கழித்து மறுபடியும் செடிக்கே வந்திருக்கிறோம். இனி கத்தரிக்காய்க் காம்பைத் தூக்கிப் போடும்போது வோல்ட்டாவை ஒருமுறை நினைத்துக்கொள்ளுங்கள்!