எண்ணப்பட்ட தாய்மாரும் அறிவிக்கப்பட்ட தாய்மாரும்

கருவுற்ற தாய்மார் அனைவருக்கும் எச்.ஐ.வி. சோதனை செய்வது இன்று மகப்பேறு மனைகளில் வழக்கமாகிவிட்டது. பிறருடைய இரகசியத்தை அறிந்தவர் அதனை என்செய்ய வேண்டும் என்னும் வினாவோடு போராடியே இவ்வழக்கம் உருவாயிற்று. ஆயர்பணியிலுள்ள நமக்கு அவ்வினா புதியதன்று.

அமெரிக்காவில் 1988ஆம் ஆண்டு முதல் பல மாநிலங்களில் ஒரு கணக்கெடுப்பு நடைபெற்றது. பிறந்த குழந்தையின் குதிகாலிலிருந்து வேறு நோய்களைக் கண்டறிய எடுத்த இரத்தத்தில் எஞ்சியது, பெயர் நீக்கப்பட்டு எச்.ஐ.வி. சோதனைக்கு உட்படுத்தப்பட்டது. தாயின் எதிர்ப்பொருள்கள் குழந்தையின் இரத்தத்தில் கலந்திருக்குமாதலால், அச்சோதனை காட்டியது தாயின் தொற்றையே. குழந்தைக்குத் தொற்றியிருக்கலாம், தொற்றாமலும் இருக்கலாம். நோய் எவ்வளவு பரவியுள்ளதென அரசு அறிந்தது. எந்தத் தாய்க்கு என்பது எவருக்கும் தெரியாது, அத்தாய்க்கும் தெரியாது.

இதனைக் கொடுமை என்று நாம் உடனே தீர்ப்பிடலாகாது. கருவிலுள்ள குழந்தைக்குத் தொற்றாமல் தடுக்க நிரூபிக்கப்பட்ட மருந்து அப்போது இல்லை. நோய் வெளிப்பட்டால் வேலையையும் வீட்டையும் இழக்கும் அச்சம் மெய்யானது. பெயரை நீக்கியதில் இரக்கமும் இருந்தது.

1994இல் நிலைமை மாறிற்று. அமெரிக்காவிலும் பிரான்சிலும் நடந்த 076 என்னும் ஆய்வில், கருவுற்றிருக்கும்போதும் பேற்று வேளையிலும் தாய்க்கும், பின்னர் ஆறு வாரங்கள் குழந்தைக்கும் ஸிடோவுடின் கொடுக்கப்பட்டது. குழந்தைகளுக்குத் தொற்றும் அளவு 25.5 விழுக்காட்டிலிருந்து 8.3 விழுக்காடாகக் குறைந்தது. இனி அறியாமை ஒரு குழந்தையின் உயிருக்கே விலையாகலாம். பெயரற்ற கணக்கெடுப்பு 1995இல் நிறுத்தப்பட்டது.

நியூயார்க் சட்டமன்ற உறுப்பினர் நெட்டி மேயர்சன், சோதனையின் முடிவைத் தாய்க்கு அறிவித்தே தீரவேண்டும் என்று வாதாடினார். தாயின் இசைவின்றி அறிவித்தால் பெண்கள் மருத்துவமனைக்கு வரவே அஞ்சுவர் என்று உரிமைக் குழுக்கள் எதிர்த்தன. 1996இல் சட்டம் நிறைவேறிற்று. 1997 பிப்ரவரி முதல் குழந்தைகளின் சோதனை முடிவு தாய்க்குத் தெரிவிக்கப்பட்டது. மேயர்சன் கேட்டது நியாயமே என்பது நம் கருத்து. ஆயினும் சட்டம் பிறப்புக்குப் பிந்தி நின்றது. மருந்தோ பிறப்புக்கு முன்னரே தொடங்கவேண்டியது. ஆகவே வழக்கு குழந்தையின் தொட்டிலை விட்டுத் தாயின் பேறுகாலத்திற்குச் சென்றது. 1999இல் அமெரிக்க மருத்துவக் கழகம், கருவுற்ற தாய்மார் அனைவருக்கும் தெரிவித்துவிட்டு இச்சோதனையை வழக்கமாகச் செய்யப் பரிந்துரைத்தது. 2006இல் அந்நாட்டு நோய்க்கட்டுப்பாட்டு மையமும் அவ்வழியைப் பொதுநெறியாக்கிற்று: வேண்டாமென்று தாய் மறுத்தாலன்றிச் சோதனை நடைபெறும். இசைவு கேட்பது போய், மறுக்க இடங்கொடுப்பது வந்தது. ஏழைப் பெண்ணொருத்தி மருத்துவரிடம் மறுத்துப் பேசுவது எவ்வளவு அரிது என்பதை நாம் அறிவோம்.

நம் நாட்டிலும் இதே பாதைதான். 1986இல் சென்னையில் டாக்டர் சுனிதி சாலமன் குழுவினர் சேகரித்த இரத்தத்தை வேலூர்க் கிறிஸ்தவ மருத்துவக் கல்லூரியில் சோதித்தபோதே இந்தியாவில் இத்தொற்று முதலில் வெளிப்பட்டது. 1998 முதல், கருவுற்ற தாய்மாரிடம் மேகநோய்ச் சோதனைக்கு எடுத்த இரத்தம் பெயர் நீக்கப்பட்டு ஆண்டுதோறும் கணக்கெடுப்புக்குப் பயன்பட்டது. தாய்சேய்த் தொற்றுத் தடுப்புத் திட்டம் 2002இல் தொடங்கிற்று. அது முதல் குடும்பத்தில் முதலில் சோதிக்கப்படுபவள் பெரும்பாலும் மனைவியே. கணவனிடமிருந்து பெற்ற நோயை அவளே வீட்டிற்குக் கொண்டுவந்தாள் என்ற பழியும் அவளையே சேர்ந்தது. கணவனையும் உடனழைத்துப் பேசும்படி திட்டம் சொல்லுகிறது. வருகிறவர் எல்லாரும் அல்லர்.

2017ஆம் ஆண்டுச் சட்டம், விளக்கிக் கூறிப் பெற்ற இசைவின்றி எச்.ஐ.வி. சோதனை கூடாது என்கிறது. சில விலக்குகளும் உண்டு. பெயரறியாக் கணக்கெடுப்பு அவற்றுள் ஒன்று. அதன் நோக்கத்தை மட்டும் உட்படுவோருக்குத் தெரிவித்தாக வேண்டும்.