ஒரு செக், ரெண்டு கையெழுத்து

"ஊராட்சியில பிரசிடெண்டும் வைஸ் பிரசிடெண்டும் ஏன் எப்பப் பாத்தாலும் அடிச்சுக்கிறாங்க?" டவுன்ல இருக்கிற நண்பர்கள் அடிக்கடி கேட்கிற கேள்வி இது. தலைவரைப் பதவியை விட்டு நீக்கச் சொல்லி துணைத் தலைவரும் வார்டு மெம்பர்களும் கலெக்டர்கிட்ட மனு கொடுத்தாங்கன்னு பேப்பர்ல வரும். அடுத்த மாசம் துணைத் தலைவரை நீக்கச் சொல்லி தலைவர் பக்கத்து ஆளுங்க மனு கொடுத்தாங்கன்னு வரும். படிக்கிறவங்களுக்கு இது சாதிச் சண்டை, கட்சிச் சண்டை, இல்லைன்னா வெறும் ஈகோ. அதெல்லாம் இருக்கு, இல்லைன்னு சொல்லல. ஆனா சண்டை முளைக்கிற இடம் வேற. அது ஒரு செக் புத்தகம்.

எங்க புதுக்கோட்டை மாவட்டத்துல 2019 தேர்தல் நேரத்துல 13 ஒன்றியம், 497 ஊராட்சி இருந்துச்சு. 1994-ஆம் வருஷத்துத் தமிழ்நாடு ஊராட்சிகள் சட்டப்படி, ஊராட்சி மன்றத் தலைவரை ஊர் மொத்தமும் நேரடியா ஓட்டுப் போட்டுத் தேர்ந்தெடுக்குது. துணைத் தலைவரை அப்படி இல்லை. வார்டு மெம்பர்கள் கூடி தங்களுக்குள்ள ஒருத்தரைத் தேர்ந்தெடுக்கிறாங்க. கடைசியா நடந்த தேர்தலையே எடுத்துக்குங்க. 2019 டிசம்பர் 27, 30 ரெண்டு நாள் ஓட்டுப்பதிவு. துணைத் தலைவர் தேர்தல் 2020 ஜனவரி 11. அந்த ரெண்டு தேதிக்கும் நடுவுல மெம்பர்களை வண்டியில ஏத்திக்கிட்டு எங்கெங்கயோ போய் தங்க வெச்ச கதையெல்லாம் ஒவ்வொரு ஒன்றியத்துலயும் சொல்வாங்க.

தலைவருக்குப் பின்னாடி ஊர். துணைத் தலைவருக்குப் பின்னாடி நாலைஞ்சு மெம்பர். ஆனா ஊராட்சிப் பணத்தை எடுக்கணும்னா ரெண்டு பேரும் சேர்ந்து கையெழுத்துப் போடணும். ஒரே ஆள் கையில பணம் போயிடக்கூடாதுங்கிற நல்ல எண்ணத்துல வெச்ச விதி. நடைமுறையில, தேர்தல்ல தோத்த அணி துணைத் தலைவர் பதவியைப் பிடிச்சிட்டா, தலைவரோட கையைக் கட்டிப் போட அந்த ஒரு கையெழுத்தே போதும். தலைவர் தப்புக் கணக்கு எழுதுறவரா இருந்தா, ஊரைக் காப்பாத்துறதும் அதே கையெழுத்துதான். எது எந்த நேரத்துல நடக்குதுன்னு வெளியில இருந்து சொல்றது கஷ்டம்.

எங்க பக்கத்துல ஒரு ஊராட்சி, பேர் வேண்டாம். சித்திரை மாசத்துல போர் மோட்டார் காயில் எரிஞ்சு போச்சு. மோட்டாரைக் கழட்டி, காயில் கட்டி, திரும்ப இறக்கவும் ஆயிடுச்சு. மெக்கானிக்குக் காசு வரல. பில்லு கூடன்னு வைஸ் கையெழுத்துப் போட மாட்டேன்னுட்டார். 'போன தடவை இதைவிடக் கூடுதலா நீங்களே போட்டீங்களே'ன்னு தலைவர் கேட்டார். ரெண்டு மாசம் கழிச்சு இன்னொரு மோட்டார் நின்னப்ப மெக்கானிக் வரல. டேங்க் ஆபரேட்டருக்கும் சம்பளம் நின்னு போச்சு. குடத்தைத் தூக்கிக்கிட்டு வயக்காட்டு மோட்டாருக்கு நடந்தவங்க தலைவரும் இல்லை, வைஸும் இல்லை.

இந்த இழுபறி முத்தும்போதுதான் பதவி நீக்கம்னு பேச்சு வரும். நிறைய பேர் நினைக்கிற மாதிரி, கிராம ஊராட்சித் தலைவரை மெம்பர்கள் கையைத் தூக்கி வீட்டுக்கு அனுப்பிட முடியாது. சட்டத்தோட 205-ஆம் பிரிவுல ஒரு பெரிய சடங்கே இருக்கு. மன்றத்தோட மொத்த பலத்துல மூணுல ரெண்டு பங்கு பேர் குற்றச்சாட்டை எழுதிக் கையெழுத்துப் போடணும். ரெண்டு மெம்பர்கள் அதை நேர்ல கொண்டுபோய் கலெக்டர்கிட்ட கொடுக்கணும். கலெக்டர் தானாவும் நடவடிக்கை எடுக்கலாம். தலைவருக்கு நோட்டீஸ் போகும், அவர் விளக்கம் சொல்லணும். விளக்கம் திருப்தி இல்லைன்னா தாசில்தார் வந்து மன்றத்தைக் கூட்டுவார். நோட்டீஸையும் விளக்கத்தையும் படிப்பார். அந்தக் கூட்டத்துல விவாதம் கிடையாது. தாசில்தாரும் நல்லது கெட்டது பேசக்கூடாது, ஓட்டும் இல்லை. மெம்பர்கள் கருத்தை எழுதி அனுப்புவார். அதைப் பாத்துட்டு நீக்குறதா, விட்டுடுறதான்னு கலெக்டர்தான் முடிவு பண்ணுவார். அதை ரத்து பண்ற அதிகாரம் அரசாங்கத்துக்கு உண்டு. துணைத் தலைவரை நீக்க 206-ஆம் பிரிவு. அதுலயும் ஏறக்குறைய இதே சடங்குதான்.

இவ்வளவும் முடியுறதுக்குள்ள ஊர் வேலை நின்னுடும்ல? அதுக்காக கலெக்டர் 203-ஆம் பிரிவுல இருக்கிற அவசர அதிகாரத்தை எடுத்து, செக்ல கையெழுத்துப் போடுற வேலையை பி.டி.ஓ.கிட்ட ஒப்படைக்கிறது வழக்கம். ரெண்டு பேர் சண்டை போட்டு, சாவி மூணாவது ஆள் கைக்குப் போகும்.

இந்த மண்ணுக்கு இது பழைய கதை. புதுக்கோட்டைப் பக்கத்துக் கல்வெட்டுகள்ல, ஊரார் கூடித் தங்களோட பாடிகாவல் உரிமையை அரையர்களுக்கு வித்ததா பல சாசனங்கள் இருக்கு. தங்களால காவல் பண்ண முடியாதப்ப ஊர்க்காரங்களே வெளியாளைக் கூப்பிட்டு, அதுக்கு வரியும் கொடுத்தாங்க. அப்படிக் காவலுக்கு வந்தவங்கள்ல சிலர் பின்னாடி அந்தப் பகுதிகளுக்கே ஆளுகிறவங்களா வளர்ந்தாங்க.

அதுக்கும் முன்னாடி உத்திரமேரூர். முதலாம் பராந்தக சோழன் காலத்து 919, 921-ஆம் வருஷக் கல்வெட்டுகள்ல குடவோலை முறையைப் பத்திப் பள்ளிக்கூடத்துல படிச்சிருப்போம். படிக்காம விட்ட பகுதி, யாரையெல்லாம் சேர்க்கக்கூடாதுங்கிறது. ஏற்கெனவே வாரியத்துல இருந்து கணக்குக் காட்டாதவன் வரக்கூடாது, அவனோட சொந்தக்காரங்களும் வரக்கூடாது. பதவிக்காலம் 360 நாள். பதவியில இருக்கும்போதே குற்றம் பண்ணினது தெரிஞ்சா உடனே நீக்கம். அது நிலம் வெச்சிருந்த பிராமணர்களோட சபை, பொம்பளைகளுக்கும் மத்த சாதிகளுக்கும் அதுல இடமில்லைங்கிறதையும் சேர்த்தே சொல்லணும். ஆனா நீக்குறதுக்கான காரணம் கல்லுல முன்கூட்டியே எழுதியிருந்தது. அதுல முதல் காரணம் கணக்கு.

இப்போ காரணம் பல நேரத்துல கணக்கா இருக்கிறதில்லை, உட்கார்ந்திருக்கிற ஆளா இருக்கு. 1996-ல தனி ஊராட்சிகள் வந்ததும் மதுரை மாவட்டத்துப் பாப்பாபட்டி, கீரிப்பட்டி, நாட்டார்மங்கலம், விருதுநகர் மாவட்டத்துக் கொட்டக்கச்சியேந்தல் ஊர்கள்ல பத்து வருஷம் தேர்தலை நடக்க விடல. நடந்தாலும், ஜெயிச்ச தலித் தலைவர்கிட்ட கையோட ராஜினாமா எழுதி வாங்கினாங்க. 205-ஆம் பிரிவு, நோட்டீஸ், தாசில்தார் எதுவும் தேவைப்படல. 2006-லதான் அங்க ஒழுங்கா தேர்தல் நடந்துச்சு. மேலவளவுல தலைவர் முருகேசனும் துணைத் தலைவர் மூக்கனும் ஒரே பக்கம் நின்னாங்க. 1997 ஜூன் 30 அன்னைக்கு அவங்க ரெண்டு பேரையும் சேர்த்து 6 பேரை வெட்டிக் கொன்னாங்க. 2020-ல கடலூர் மாவட்டம் தெற்குத்திட்டை ஊராட்சித் தலைவர் ராஜேஸ்வரி தரையில உட்கார்ந்திருக்க, மத்தவங்க நாற்காலியில இருந்த போட்டோவை நாடே பாத்துச்சு. துணைத் தலைவர் மேல வன்கொடுமைத் தடுப்புச் சட்டத்துல வழக்குப் பதிவாச்சு. தலைவரை நீக்காமலே நீக்குற வழி அது.

தமிழ்நாட்டைத் தாண்டியும் இதே கதைதான். மகாராஷ்டிராவுல ஜல்காவ் மாவட்டத்து விச்கேடா கிராமத்துப் பெண் சர்பஞ்சையும், சத்தீஸ்கர்ல ஜஷ்பூர் மாவட்டத்து சஜ்பஹார் ஊராட்சிப் பெண் சர்பஞ்சையும் நீக்கினதை 2024-ல உச்ச நீதிமன்றம் செல்லாதுன்னு சொல்லிச்சு. சஜ்பஹார் வழக்குல 1 லட்சம் ரூபாய் அரசாங்கம் கொடுக்கணும்னும் உத்தரவு. மக்கள் தேர்ந்தெடுத்த ஆளை லேசான காரணத்துக்கு அதிகாரிகள் தூக்கக்கூடாதுங்கிறது அந்தத் தீர்ப்புகளோட சாரம்.

நாடுகளே இதுல மாட்டியிருக்கு. கென்யாவுல 2024 அக்டோபர்ல துணை அதிபர் ரிகாத்தி கச்சாகுவாவை நாடாளுமன்றம் விசாரிச்சு நீக்கிச்சு. சண்டை நீதிமன்றத்துக்குப் போச்சு. தெற்கு சூடான்ல 2013 ஜூலையில அதிபர் சல்வா கீர், துணை அதிபர் ரியக் மச்சாரை ஒரே உத்தரவுல தூக்கினார். டிசம்பர்ல உள்நாட்டுப் போர். முறைப்படி நீக்குறது எவ்வளவு இழுத்தாலும், முறையில்லாம நீக்குறதைவிட மேல்னு எனக்குத் தோணுறது இதனாலதான்.

இன்னொரு விஷயம். ஒரு தலைவரை நீக்க இத்தனை படி வெச்ச சட்டம் இருக்கிற மாநிலத்துல, எல்லாத் தலைவர்களும் ஒரே நாள்ல இல்லாமப் போனதும் நடந்திருக்கு. 2016 அக்டோபர்ல நடக்க வேண்டிய தேர்தல் உயர் நீதிமன்ற உத்தரவால ரத்தாச்சு. பழைய மன்றங்களோட காலமும் அந்த மாசமே முடிஞ்சது. மூணு வருஷத்துக்கு மேல தனி அலுவலர்கள்தான். 2018 நவம்பர் 16 விடியக்காலை கஜா புயல் எங்க தென்னைகளைச் சாய்ச்சப்ப, ஆலங்குடி, கீரமங்கலம், வடகாடு பக்கமெல்லாம் ஊருக்குத் தேர்ந்தெடுத்த தலைவர்னு ஒருத்தர் இல்லை. ரோட்டுல கிடந்த மரத்தை இளைஞர்களே அறுத்து வழி பண்ணினாங்க. திட்டறதுக்குக்கூட ஒரு பிரசிடெண்ட் இல்லையேன்னு அப்ப பேசிக்கிட்டோம். 2025 ஜனவரி 5-ஓட அடுத்த மன்றங்களோட காலமும் முடிஞ்சு, திரும்ப ஊராட்சிகள் தனி அலுவலர்கள் கைக்குப் போச்சு. சண்டை போட்ட ரெண்டு பேரும் இல்லை. செக் புத்தகம் ஆபீஸ்ல பத்திரமா இருக்கு.

ஊர்ல ஓட்டு வெச்சிருக்கிற டவுன் நண்பர்களுக்கு ஒண்ணு சொல்லணும். தேர்தலுக்கு பஸ் பிடிச்சு வர்றப்ப தலைவருக்கு யார் நிக்கிறாங்கன்னு மட்டும் விசாரிக்கிறீங்க. வார்டு மெம்பர் ஓட்டைப் பங்காளி சொன்ன ஆளுக்குக் குத்திட்டுப் போயிடுறீங்க. அந்த ஓட்டுதான் செக்ல ரெண்டாவது கையெழுத்து யாரோடதுன்னு முடிவு பண்ணுது. ஆகஸ்ட் 15-க்கோ அக்டோபர் 2-க்கோ ஊருக்கு வந்தா, கிராம சபையில பத்து நிமிஷம் உட்கார்ந்து வரவு செலவுக் கணக்கைப் படிக்கச் சொல்லுங்க. கணக்கு ஊர் முன்னாடி வந்துட்டா, கையெழுத்துப் போட மாட்டேங்கிறவர் ஏன் மாட்டேங்கிறார்னு ஊருக்கே தெரிஞ்சிடும்.