மாசாய் மேய்ச்சல் நிலம்: பெயர்ப்பட்டியலில் பெண்களும் இளைஞர்களும்

2018 ஆம் ஆண்டில் யுனெஸ்கோ, கென்யாவின் மாசாய் மக்களுடைய மூன்று சடங்குகளை உடனடிப் பாதுகாப்பு வேண்டிய பண்பாட்டு மரபுகளின் பட்டியலில் சேர்த்தது. எங்கிபாத்தா சிறுவர்களை விருத்தசேதனத்துக்கு ஆயத்தப்படுத்துவது. யூனோத்தோ இளம் வீரர்களின் தலைமுடியை மழிப்பது. ஓல்ஙெஷெர் அவர்களை மூத்தோர் அவைக்கு அனுப்பிவைப்பது. மூன்றும் ஆண்களுக்குரியவை. பெண்களின் பருவமாற்றத்துக்கென்று வழக்கில் இருந்துவந்த சடங்கோ பிறப்புறுப்புச் சிதைப்பு. அதைக் கென்யா 2011 இல் தனிச் சட்டம் இயற்றித் தடைசெய்துவிட்டது. ‘பண்பாட்டின் வழியே அதிகாரம் அளித்தல்’ என்ற தொடர் மாசாய் பகுதிகளில் இயங்கும் தொண்டு நிறுவனங்களின் அறிக்கைகளில் மிகுதியாகப் புழங்குகிறது. அத்தொடரைக் காணும்போதெல்லாம் யாருடைய பண்பாடு, யார் பெயரில் நிலம் என்னும் இரு கேள்விகளை நாம் எழுப்ப வேண்டியிருக்கிறது.

மாசாய் மக்கள் தெற்குக் கென்யாவிலும் வடக்குத் தான்சானியாவிலும் பரவி வாழும் கால்நடை வளர்ப்போர். கென்யாவின் 2019 ஆம் ஆண்டு மக்கள்தொகைக் கணக்கெடுப்பில் அவர்களின் எண்ணிக்கை ஏறத்தாழ 11.9 இலட்சம். தான்சானியா தன் கணக்கெடுப்பில் இனக்குழுவைக் கேட்பதில்லை. தொல்குடிகள் என்னும் வகைப்பாட்டையும் அந்நாட்டு அரசு ஏற்பதில்லை. எண்ணப்படாத மக்களுக்குத் தனியுரிமை கோருவது எத்துணைக் கடினம் என்பதை இத்தளத்தின் வாசகர்களுக்கு விளக்கத் தேவையில்லை.

நிலம் கைமாறிய வழி

1890களில் கால்நடைக் கொள்ளைநோயும் பெரியம்மையும் பஞ்சமும் அடுத்தடுத்துத் தாக்கி மாசாய் சமூகத்தை உருக்குலைத்தன. அந்த நலிவின்மீதுதான் பிரித்தானியர் வந்து அமர்ந்தனர். 1904 இல் செய்துகொண்ட ஒப்பந்தத்தின்படி, இரயில் பாதையை ஒட்டிய பிளவுப் பள்ளத்தாக்கின் செழிப்பான புல்வெளிகளை வெள்ளைக் குடியேறிகளுக்கு விட்டுவிட்டு, மாசாய் மக்கள் இரண்டு ஒதுக்கிடங்களுக்குப் பெயர்ந்தனர். மாசாய் இனம் உள்ளவரை இது செல்லும் என்று எழுதித்தரப்பட்டது. ஏழே ஆண்டுகளில், 1911 இல், வடக்கு ஒதுக்கிடமான லைகிப்பியாவிலிருந்தும் அவர்களை வெளியேற்ற இரண்டாம் ஒப்பந்தம் வந்தது. 1913 இல் அவர்கள் நீதிமன்றம் சென்றனர். இவ்வொப்பந்தங்கள் இறையாண்மையுள்ள இரு தரப்புகளுக்கு இடையிலானவை; எனவே உள்நாட்டு நீதிமன்றம் அவற்றை விசாரிக்க இயலாது என்று சொல்லி வழக்கு தள்ளுபடி செய்யப்பட்டது. ஆளும்போது குடிகள், வழக்குத் தொடுக்கும்போது அயல்நாட்டார்! காலனியச் சட்டத்தின் தர்க்கத்தை அறிய விரும்புவோர் இந்த ஒரு தீர்ப்பைப் படித்தால் போதும்.

தான்சானியாவில் பறிப்பு வனவிலங்குகளின் பெயரால் நடந்தது. 1951 இல் செரெங்கெட்டி தேசியப் பூங்கா அமைந்தது. 1959 இல் மாசாய் மக்கள் அங்கிருந்து வெளியேற்றப்பட்டனர். ஈடாக, மனிதரும் கால்நடையும் காட்டுவிலங்கும் ஒருங்கே வாழலாம் என்ற உறுதியுடன் கோரோங்கோரோ பாதுகாப்புப் பகுதி உருவாக்கப்பட்டது. 1970 இல் தராங்கிரே தேசியப் பூங்கா வந்தபோதும் அங்கிருந்த மாசாய் குடும்பங்கள் விரட்டப்பட்டன.

விடுதலைக்குப் பிந்தைய கென்யா வேறொரு வழியைக் கையாண்டது. 1968 ஆம் ஆண்டுச் சட்டம் பொதுமேய்ச்சல் நிலங்களைக் கூட்டுப் பண்ணைகளாகப் பதிவுசெய்தது. உறுப்பினர்களாகப் பதிவானோர் பெரும்பாலும் குடும்பத் தலைவர்கள் எனக் கருதப்பட்ட ஆண்கள். 1980களிலிருந்து இப்பண்ணைகள் தனிப் பட்டாக்களாகப் பிரிக்கப்பட்டபோது, பதிவேட்டில் பெயர் இருந்தவருக்கே துண்டு கிடைத்தது. கணவனை இழந்தோர் சிலர் நீங்கலாகப் பெண்கள் விடுபட்டனர். பதிவுக்குப் பின் வளர்ந்த இளைஞர்களும் விடுபட்டனர். பிரிவினைக் குழுவில் இருந்தோரும் அவர்களுக்கு நெருக்கமானோரும் பெரிய துண்டுகளைப் பெற்றதைக் கஜியாடோ மாவட்ட ஆய்வுகள் காட்டியுள்ளன. நைரோபியை ஒட்டிய கிட்டெங்கெலா போன்ற இடங்களில் அத்துண்டுகள் விரைந்து விலைபோயின. மனைவியிடம் சொல்லாமலே பத்திரத்தில் கையொப்பமிட்ட ஆண்களும் இருந்தனர். மேய்ச்சல் வழிகள் வேலிகளால் அடைபட்டன.

பழைய வழக்கில் பெண்களின் இடம்

மாசாய் பெண்களுக்கு நிலவுரிமை என்பதே மேற்கிலிருந்து வந்த கருத்து என்று சில மூத்தோரும், அவர்கள் சொல்வதை அப்படியே ஏற்கும் அதிகாரிகளும் கூறுவதுண்டு. இது வரலாற்றுக்குப் பொருந்தாத வாதம். மாசாய் வீட்டைக் கட்டுபவள் பெண். சாணமும் மண்ணும் குச்சியும் கொண்டு அவள் எழுப்பும் அந்த வீடு அவளுக்குரியது. பால் முழுவதும் அவள் பொறுப்பில் இருந்தது. எவ்வளவு பாலைக் கன்றுக்கு விடுவது, எவ்வளவு கறப்பது, விருந்தினருக்கு எதைக் கொடுப்பது என்பவற்றை அவளே முடிவுசெய்தாள். திருமணத்தின்போது ஒவ்வொரு மனைவியின் வீட்டுக்கும் ஒதுக்கப்படும் மாடுகள் அவ்வீட்டுப் பிள்ளைகளுக்கே சேரும்; கணவன் தன் விருப்பப்படி அவற்றைக் கைமாற்ற முடியாது. ஒரு பெண்ணுக்குக் கடும் இழுக்கு நேர்ந்தால் ஊர்ப்பெண்கள் திரண்டுசென்று குற்றவாளியை இழிவுபடுத்தித் தண்டிக்கும் வழக்கமும் இருந்தது.

இந்தப் பகிர்ந்த உரிமைகள் ஆணின் ஒற்றை உடைமையாகச் சுருங்கியது காலனியக் காலத்தில்தான் என்று மானிடவியலாளர் டாரத்தி ஹாட்ஜ்சன் விரிவாக நிறுவியுள்ளார். வரியைக் குடும்பத் தலைவனிடம் வசூலித்தனர்; மாட்டுச் சந்தையில் ஆணையே விற்பனையாளனாகக் கொண்டனர்; கால்நடை மேம்பாட்டுத் திட்டங்களில் ஆணோடு மட்டுமே பேசினர். ‘தொன்மையான ஆணாதிக்கப் பண்பாடு’ என இன்று காட்டப்படுவதன் ஒரு பெரும் பகுதி நூறாண்டுக்கு உட்பட்டது. இருப்பினும் அனைத்தையும் வெள்ளையர்மீது ஏற்றிவிட நாம் ஒப்பவில்லை. சிறுமியரின் திருமணமும் உறுப்புச் சிதைப்பும் சமூகத்துக்குள்ளிருந்தே எதிர்க்கப்பட வேண்டியவை, எதிர்க்கவும்படுகின்றன. சடங்கின் ஆடலையும் பாடலையும் மூத்தோர் வாழ்த்தையும் வைத்துக்கொண்டு வெட்டை மட்டும் நீக்கும் மாற்றுச் சடங்குகளைக் கென்யாவில் பரப்பியோருள் முதன்மையானவர் நைஸ் லெங்கெட்டெ என்னும் மாசாய் பெண்.

தீண்டாமையின் மறுமுகம்

மாசாய் பற்றிய வளர்ச்சித்துறை எழுத்துகள் பெரும்பாலும் தவிர்த்துவிடும் ஒன்றை இங்கே பதிவுசெய்வது நம் கடமை. அச்சமூகத்துக்குள் இல்குனோனோ என்னும் கொல்லர் பிரிவினர் உள்ளனர். வீரர்களின் ஈட்டியையும் வாளையும் வடித்துத் தந்தவர்கள் அவர்களே. ஆயினும் அவர்கள் தூய்மையற்றோர் எனக் கருதப்பட்டனர். பிறர் அவர்களோடு மணஉறவு கொள்வதில்லை. கொல்லர் கையிலிருந்து வரும் ஆயுதத்தை எண்ணெயோ கொழுப்போ தடவித் தூய்மைப்படுத்திய பின்னரே ஏற்றனர். 20 ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் மாசாய் பற்றி எழுதிய ஹாலிஸ், மெர்க்கர் போன்றோரே இதைக் குறித்துள்ளனர். மாடற்ற வேட்டைக்குடிகளை ‘தொரோபோ’ என்று இழிவாக அழைப்பதும் இதன் நீட்சியே. உழைப்பவன் கையைத் தீட்டென்றும் அவன் செய்த பொருளைத் தேவையென்றும் கொள்ளும் இந்த ஏற்பாடு நமக்குப் புதிதன்று.

ஐ.நா.வின் இனப்பாகுபாட்டு ஒழிப்புக் குழு 2002 இல் வெளியிட்ட 29 ஆம் பொதுப் பரிந்துரை, பிறப்புவழிப் பாகுபாட்டைத் தெற்காசியாவுக்கு மட்டும் உரியதாகப் பார்க்கவில்லை. தொழில் மற்றும் பிறப்பின் அடிப்படையிலான பாகுபாடு பற்றிய ஐ.நா. ஆய்வுகள் ஆப்பிரிக்கச் சமூகங்களையும் கணக்கில் கொண்டன. மாசாய் நிலத்துக்குப் புதிய உறுப்பினர் பட்டியல் எழுதப்படும் இடங்களில், கொல்லர் குடும்பங்களின் பெயர் அதில் ஏறுகிறதா என்பதும் பெண்கள் பெயர் ஏறுகிறதா என்பதும் ஒரே கேள்வியின் இரு பகுதிகள்.

சட்டம் திறந்த வாயில்கள்

தான்சானியாவின் 1999 ஆம் ஆண்டு ஊர்நிலச் சட்டம் வழக்காற்று உரிமைக்கான சான்றிதழை வழங்க இடமளிக்கிறது. நிலத் தகராறுகளைத் தீர்க்கும் ஊர் நில மன்றத்தின் ஏழு உறுப்பினரில் மூவர் பெண்களாக இருத்தல் வேண்டும் என்றும் கூறுகிறது. அச்சான்றிதழைத் தனிமனிதருக்கு மாறாக ஒரு சமூகம் முழுமைக்கும் பெறும் உத்தியை உஜாமா சமூக வள அணி என்னும் அமைப்பு வளர்த்தெடுத்தது. முதலில் ஹட்சா வேட்டைக்குடிகளுக்கும், பின்னர் கால்நடை வளர்ப்போருக்கும் இப்படிக் கூட்டுச் சான்றிதழ்கள் கிடைத்தன. 2 இலட்சம் ஏக்கருக்கு மேல் இவ்வாறு காக்கப்பட்டதற்காக அதன் தலைவருள் ஒருவரான எட்வர்ட் லூரே 2016 இல் கோல்ட்மேன் சுற்றுச்சூழல் விருது பெற்றார். தராங்கிரேயிலிருந்து விரட்டப்பட்ட குடும்பங்களுள் ஒன்றைச் சேர்ந்தவர் அவர். கூட்டு உரிமையைத் துண்டுபோட்டு விற்க இயலாது என்பதே இதன் வலிமை. பெண்களுக்கோ இவ்வலிமை மட்டும் போதாது. கூட்டத்தில் அமரும் இடமும் பேசும் உரிமையும் வேண்டும். 1997 இல் மாண்டா ஙொய்திகோவும் பிற மாசாய் பெண்களும் லொலியோண்டோவில் தொடங்கிய மேய்ச்சல் பெண்கள் மன்றம், கால்நடைச் சேமிப்புக் குழுக்கள், பெண்கல்வி ஆகியவற்றோடு ஊர்தோறும் பெண்கள் தலைமை மன்றங்களையும் அமைத்தது இதற்காகவே.

கென்யாவில் 2010 ஆம் ஆண்டு அரசமைப்பு சமூக நிலத்தைத் தனி வகையாக ஏற்றது. 2016 இன் சமூக நிலச் சட்டம் பழைய கூட்டுப் பண்ணைச் சட்டத்தை நீக்கி, வயதுவந்த உறுப்பினர் அனைவரையும் கொண்ட பேரவையிடம் அதிகாரத்தை ஒப்படைத்தது. பெண்கள், இளைஞர் உட்பட எவரையும் ஒதுக்குதல் கூடாது. நிலத்தைக் கைமாற்றப் பேரவையின் மூன்றில் இரு பங்கினர் ஒப்ப வேண்டும். தாளில் இது பெரும் மாற்றம். நடைமுறையிலோ, பிரிவினை முடிந்துவிட்ட இடங்களில் இச்சட்டத்துக்கு வேலையே இல்லை. மேலும் 1972 இல் இயற்றப்பட்டு 1981 இல் நடைமுறைக்கு வந்த வாரிசுரிமைச் சட்டம், கஜியாடோ, நரோக் உள்ளிட்ட மாவட்டங்களின் விவசாய நிலத்தையும் கால்நடையையும் தன் பொதுவிதியிலிருந்து விலக்கி வழக்காற்றிடம் விட்டுவைத்தது. மகளுக்குப் பங்கு என்னும் பேச்சு எழும்போதெல்லாம் இவ்விலக்கு குறுக்கே வந்து நின்றது.

நிலம் பேணும் இளையோர்

வறண்ட காலத்துக்கென்று ஒரு புல்வெளியை மேயாமல் விட்டுவைப்பதும், கன்றுகளுக்கென வீட்டருகே ‘ஒலோபொலொலி’ என்னும் புல்லடைப்பைக் காப்பதும் மாசாய் மேய்ச்சலின் அடிப்படை அறிவு. குக்கு போன்ற பகுதிகளில் பெண்கள் குழுக்கள் இன்று அதே அடைப்பைப் புல்விதை வங்கியாக நடத்துகின்றன. விதையையும் வைக்கோலையும் விற்று வருவாய் பெறுகின்றன. ஒல்கிராமத்தியான் பகுதியில் லலேனோக் என்னும் வளமையம் பெண்கள் குழுவின் முயற்சியில் எழுந்தது. மந்தைகளின் நகர்வையும் சிங்கங்களின் நடமாட்டத்தையும் உள்ளூர் இளைஞரே அங்குப் பதிவுசெய்கின்றனர்.

சிங்க வேட்டை ஒருகாலத்தில் வீரனின் பெருமை. 2007 இல் அம்போசெலி வட்டாரத்தில் தொடங்கிய சிங்கக் காவலர் திட்டம், அவ்வீரர்களையே சிங்கங்களைப் பின்தொடரவும் அவற்றுக்கு மாசாய் பெயர் சூட்டவும் தொலைந்த மாடுகளைத் தேடித் தரவும் அமர்த்தியது. 2012 முதல் வேட்டைக்கு மாற்றாக ஓட்டம், ஈட்டி எறிதல், உயரத் தாண்டல் ஆகிய போட்டிகள் நடைபெறுகின்றன. 2019 இல் ஒல்குலுலுய் பகுதியில் எட்டு இளம்பெண்கள் சமூக வனக்காவலராகச் சேர்ந்தனர். குடும்பத்தில் முதன்முதலாக மாதச் சம்பளம் பெற்ற பெண்களும் அவர்களுள் அடங்குவர். பாராட்டத்தக்க முயற்சிகள்தாம். ஆயினும் சம்பளம் வேறு, உரிமை வேறு. திட்ட நிதி நின்றால் சீருடை போய்விடும். அவ்வகையில், 2016 இல் மாசாய் மக்களே நிறுவிய நஷுலாய் காப்பகம் எமக்குக் கூடுதல் நம்பிக்கை தருகிறது. மாரா பகுதியின் பல காப்பகங்கள் வாடகை கொடுத்து மக்களைக் குடியகற்றிய நிலையில், இங்கே குடிகளும் மந்தைகளும் உள்ளேயே இருக்கின்றனர். 2020 இல் அதற்கு ஐ.நா. வளர்ச்சித் திட்டத்தின் ஈக்குவேட்டர் பரிசு கிடைத்தது.

லொலியோண்டோ

பெண்களின் அதிகாரம் எங்கே மெய்ப்பிக்கப்பட்டது என்று கேட்டால் லொலியோண்டோவையே சுட்ட வேண்டும். ஐக்கிய அரபு அமீரகத்தோடு தொடர்புடைய வேட்டை நிறுவனம் ஒன்று 1992 முதல் அங்கு உரிமம் பெற்றிருந்தது. 2009 இல் வீடுகள் எரிக்கப்பட்டுக் குடும்பங்கள் துரத்தப்பட்டன. அடுத்த ஆண்டு பெண்கள் திரண்டு, ஆளுங்கட்சியின் உறுப்பினர் அட்டைகளைத் திருப்பி ஒப்படைத்தனர். 2013 இல் 1,500 சதுர கிலோமீட்டரைத் தனியே பிரிக்கும் திட்டம் அறிவிக்கப்பட்டபோதும் பெண்கள் கூட்டங்கள் எழுந்தன. அவ்வாண்டே பிரதமர் நேரில் வந்து திட்டம் கைவிடப்பட்டதாகக் கூறினார். 2022 ஜூனில் அதே 1,500 சதுர கிலோமீட்டருக்கு எல்லைக்கல் நடக் காவல்படை வந்தது. துப்பாக்கிச் சூட்டில் பலர் காயமுற்றனர். காவலர் ஒருவர் உயிரிழந்தார். எல்லை தாண்டிக் கென்யாவுக்குள் ஓடி மருத்துவம் பெற்றோர் உண்டு. கிழக்காப்பிரிக்க நீதிமன்றம் 2022 செப்டம்பரில் மக்களின் வழக்கைத் தள்ளுபடி செய்தது. 2023 நவம்பரில் மேல்முறையீட்டு அமர்வு அத்தீர்ப்பை நீக்கி மறுவிசாரணைக்கு அனுப்பியது.

அருகிலுள்ள கோரோங்கோரோவிலிருந்து குடும்பங்களைத் தொலைவிலுள்ள மிசொமேராவுக்கு ‘விருப்ப இடமாற்றம்’ செய்யும் திட்டமும் அதே 2022 இல் தொடங்கியது. 2024 ஆகஸ்டில் அரசு அறிவிக்கையொன்று கோரோங்கோரோவின் ஊர்களையே பட்டியலிலிருந்து நீக்கியது. ஊர் நீங்கினால் ஊர்நிலச் சட்டம் இல்லை, வாக்குச்சாவடி இல்லை, பெண்கள் அமரும் ஊர் மன்றமும் இல்லை. சிவப்புச் சால்வை போர்த்திய பல்லாயிரவர் சாலையில் அமர்ந்தனர். சில நாட்களில் அருஷா உயர்நீதிமன்றம் அவ்வறிவிக்கையை இடைக்காலமாக நிறுத்திவைத்தது. ஆண்டிறுதியில் மாசாய் பிரதிநிதிகளைச் சந்தித்த அதிபர் சாமியா, நிலச்சிக்கலை ஆராய ஒன்றும் இடமாற்றத்தை ஆராய ஒன்றுமாக இரு ஆணையங்களை அறிவித்தார்.