தூர்மலே ஏற்றத்தின் பெருமை

துவிச்சக்கரவண்டிப் பந்தயங்களிற் பேர்பெற்ற மலையேற்றங்கள் பலவுள. அவற்றின் பெருமை உயரத்தால் மட்டும் அமைவதன்று. அல்ப்ஸ் மலையிலுள்ள இசரான் கணவாய் 2,770 மீற்றர் உயர்ந்தது. பிரனீஸ் மலையின் தூர்மலேயோ 2,115 மீற்றரே. எனினும் பிரான்ஸ் சுற்றுப் பந்தய வரலாற்றில் முதலிடம் தூர்மலேக்கே உரியதென்பது எமது கருத்து.

1910இல் அக்கணவாயைப் பார்வையிடச் சென்ற ஸ்ரைனெஸ் என்பார் இரவிற் பனியில் வழிதவறி அரிதின் உயிர்தப்பினார். தப்பியவர், பாதை செல்லத்தக்கதெனத் தலைமையகத்துக்குத் தந்தி அனுப்பினார்! அப்பொய் இன்றேல் இக்கதையே இல்லை. அவ்வாண்டு யூலை 21ஆந் திகதி வீரர் 326 கிலோமீற்றர் ஓட வேண்டியதாயிற்று. பாதை கல்லும் மண்ணுமாய்க் கிடந்தது. முதலில் உச்சியடைந்த லப்பீஸும் இடையிடையே இறங்கி வண்டியைத் தள்ளியே ஏறினார். கரிகூ என்பவரோ இறங்காதே ஏறிப் பரிசு பெற்றார். அன்றே ஓபிஸ்க் கணவாயில் லப்பீஸ் பந்தய அதிகாரிகளைக் கொலைகாரர் என வைதார். வைதவரே அன்றைய ஓட்டத்தையும், முடிவில் முழுப் பந்தயத்தையும் வென்றார்.

இதனினும் அரியது 1913இல் நிகழ்ந்தது. தூர்மலேயினின்று இறங்குகையிற் கிறிஸ்தோவ் என்பாரது வண்டியின் முன்கவை முறிந்தது. பிறர் உதவியைப் பந்தய விதி தடுத்தது. வண்டியைச் சுமந்து பல கிலோமீற்றர் நடந்து, சென்மரி த கம்பான் என்னும் ஊரின் கொல்லுலையில் தம் கையாலேயே அதனைச் செப்பனிட்டார். துருத்தி ஊதியவன் ஒரு சிறுவன். அவ்வுதவியையும் குற்றமாகக் கொண்டு அதிகாரிகள் நேரத் தண்டம் விதித்தனர். பின்னர் அந்நிகழ்ச்சிக்கு அவ்வூரில் நினைவுக்கல் பதிக்கப்பட்டது.