செந்தட்டி: வேலியோரச் செடியின் 350 வருஷக் கதை

இன்னிக்கு எபிசோடுல ராஜாவும் கிடையாது, போரும் கிடையாது. ஒரே ஒரு செடி. தொட்டா அரிக்கும்; அதைத் தவிர நம்மில் பல பேருக்கு அதைப் பத்தி எதுவும் தெரியாது.

எங்க அம்மாச்சி வீடு திண்டுக்கல்ல. ஒரு பக்கம் சிறுமலை, இன்னொரு பக்கம் தூரத்துல கொடைக்கானல் மலை. வீட்டுக்குப் பின்னாடி கொஞ்சம் செம்மண் தோட்டம், சுத்தி கிளுவை வேலி. பத்து வயசுல பந்து எடுக்க அந்த வேலிக்குள்ள கையை விட்டேன். அடுத்த நிமிஷம் கை முழுக்க தீப்பிடிச்ச மாதிரி இருந்துச்சு. அம்மாச்சி ஓடி வந்து சொன்ன முதல் வார்த்தை, "தேய்க்காதடா, தேய்ச்சா இன்னும் ஏறும்!" அடுத்தது, "செந்தட்டிடா அது."

போன மாசம் மறுபடி போயிருந்தேன். அதே வேலி, அதே செந்தட்டி. மாமா கையில களைக்கொல்லி டப்பா. "புள்ளைங்க வர்ற இடம், அடிச்சு விட்டுரவா மாப்ள?"ன்னு கேட்டாரு. "ரெண்டு வாரம் பொறுங்க மாமா"ன்னு சொல்லிட்டுப் படிக்க ஆரம்பிச்சேன். அந்தப் படிப்புதான் இந்த எபிசோடு.

முதல்ல ஆளை அடையாளம் தெரிஞ்சுக்குவோம். செந்தட்டிக்குக் காஞ்சொறி, சிறுகாஞ்சொறின்னும் பேர் உண்டு. மெல்லிய கொடி. பக்கத்துல எது இருக்கோ அதைச் சுத்தி ஏறும். இலை ஓரம் ரம்பப் பல் மாதிரி இருக்கும், உடம்பெல்லாம் பொடி முடி. ஐரோப்பியக் கதைகள்ல வர்ற 'நெட்டில்' வேற குடும்பம். அந்தக் குடும்பத்துப் பெரிய செடிகளை மலையில பார்க்கலாம். கீழே சமவெளியில நம்மளைச் சுடுறது செந்தட்டி. இது ஆமணக்குக் குடும்பம்.

சுடுற விதமும் வேற. நெட்டில் முடியோட நுனி கண்ணாடி மாதிரி உடையும். உள்ளே இருக்கிற திரவம் ஊசி போட்ட மாதிரி தோலுக்குள்ள இறங்கும். செந்தட்டி வகைச் செடிகள்ல முடிக்குள்ள கால்சியம் ஆக்சலேட் படிகம் ஒன்னு ஊசி மாதிரி உட்கார்ந்திருக்கும். கை பட்டதும் அது வெளியே வந்து தோலைக் குத்தும். அது குத்தின வழியா திரவம் உள்ளே போகும். தேய்ச்சா என்ன ஆகும்? தோல் மேல ஒட்டியிருக்கிற மிச்ச ஊசியும் உள்ளே போகும். அம்மாச்சி சொன்னது நூத்துக்கு நூறு சரி.

இப்போ 17-ஆம் நூற்றாண்டுக்குப் போவோம். 1665-ல் லண்டன்ல ராபர்ட் ஹூக் 'மைக்ரோகிராஃபியா'ங்கிற புத்தகத்தை வெளியிடுறார். நுண்ணோக்கியில பார்த்ததையெல்லாம் வரைஞ்சு வெச்ச புத்தகம். அதுல நெட்டில் முடியும் இருக்கு. அது எப்படிக் குத்துதுன்னு தன் கையிலயே குத்த விட்டுப் பார்த்து எழுதியிருக்கார்.

ஏறக்குறைய அதே காலத்துல, மலைக்கு அந்தப் பக்கம் கொச்சியில டச்சுக்காரங்க ஆட்சி. அங்க தளபதியா இருந்த ஹென்ட்ரிக் வான் ரீடே, மலபார் செடிகளையெல்லாம் தொகுக்க ஆரம்பிக்கிறார். அதுதான் 'ஹோர்ட்டுஸ் மலபாரிகஸ்'. 1678-லிருந்து 1693 வரைக்கும் ஆம்ஸ்டர்டாம்ல 12 தொகுதியா வந்துச்சு. அதோட ரெண்டாவது தொகுதியில நம்ம செந்தட்டி படத்தோட இருக்கு. பேர் என்ன தெரியுமா? 'ஸ்கோரிகெனம்'. மலையாளத்துச் 'சொறியணம்' லத்தீன் எழுத்துல அப்படி ஆயிருச்சு. காஞ்சொறியில இருக்கிற அதே சொறிதான்!

அந்தப் பேரையும் குணத்தையும் ரீடேக்குச் சொன்னது யாரு? இட்டி அச்சுதன்னு ஒரு ஈழவ வைத்தியர், சேர்த்தலைப் பக்கம். கூடவே மூணு கொங்கணி வைத்தியர்கள். தன் வீட்டு ஓலைச்சுவடிகளையும் அனுபவத்தையும் வெச்சுத் தகவல் கொடுத்ததா இட்டி அச்சுதன் 1675-ல் எழுதிக் கொடுத்த சான்று, முதல் தொகுதியிலேயே அச்சாகியிருக்கு.

1753-ல் ஸ்வீடன்ல கார்ல் லின்னேயஸ் இந்தச் செடிக்கு வெச்ச அறிவியல் பேர் 'டிராஜியா இன்வோலுக்ராட்டா'. 'டிராஜியா'ங்கிறது 16-ஆம் நூற்றாண்டு ஜெர்மன் தாவரவியலாளர் ஹிரோனிமஸ் போக் நினைவா வந்த பேர். 'போக்'னா ஜெர்மன்ல கிடா. கிடாவுக்கு கிரேக்கத்துல 'டிராகோஸ்'. ஆக, நம்ம வேலியோரச் செந்தட்டி உலகத்துக்கு ஒரு 'கிடா' பேர்ல அறிமுகமாச்சு. இட்டி அச்சுதன் பேர் அதுல எங்கேயும் இல்ல. இதை நினைச்சா எனக்குக் கொஞ்சம் அரிக்கத்தான் செய்யுது.

அடுத்த ஆள் பிரெஞ்சுக்காரர், லெஷனோ. 1816-ல் புதுச்சேரிக்கு வந்த தாவரவியலாளர். கல்கத்தா தாவரவியல் தோட்டத்துல ஒரு சுடுற மரத்தோட இலை இவர் இடது கை விரல்ல லேசா பட்டுச்சு. காலையில சின்னக் குத்தல். அப்புறம் விரலைச் சூட்டுக்கோலால தேய்க்கிற மாதிரி வலி, அக்குள் வரைக்கும் ஏறுது. மத்தியானம் தாடை இழுத்துப் பிடிக்குது. தண்ணியில கை வெச்சா வலி திரும்பக் கிளம்புது. ஒன்பது நாள் ஆச்சு முழுசா போக. நீலகிரியிலயும் பழனி மலையிலயும் இருக்கிற பெரிய நெட்டில் ஒன்னுக்குப் பின்னாடி இவர் பேரையே வெச்சாங்க. அந்த மலைச் செடியோட ஒப்பிட்டா நம்ம செந்தட்டி சாதுப் பிள்ளை.

சரி, இதெல்லாம் வெளியூர்க்காரங்க கதை. நமக்கும் செந்தட்டிக்கும் என்ன உறவு? 2020-ஐ ஞாபகப்படுத்திக்கோங்க. ஊரடங்கு, முகக்கவசம், அப்புறம் டம்ளர் டம்ளரா கபசுரக் குடிநீர். தமிழ்நாடு அரசே விநியோகம் பண்ணுச்சு. அந்தப் பொடியில மொத்தம் 15 சரக்கு. சுக்கு, திப்பிலி, இலவங்கம், அடுத்து... சிறுகாஞ்சொறி வேர்! ஆமா, அந்த வருஷம் நாம மூக்கைப் பிடிச்சுக்கிட்டுக் குடிச்சதுல செந்தட்டியும் இருந்துச்சு. அது கொரோனாவைக் குணப்படுத்துச்சுன்னு நான் சொல்ல வரல. பிடுங்கி எறியிற செடின்னு நாம நினைச்சதை, சித்த வைத்தியர்கள் தலைமுறை தலைமுறையா வேரோட தோண்டிப் பத்திரப்படுத்தி இருக்காங்க. அதைத்தான் சொல்றேன்.

இப்போ ஒரு எதிர்க்கதை. வெளிநாட்டிலிருந்து இங்க வந்து பரவின சப்பாத்திக்கள்ளி. தோட்டத்துக்கு நல்ல முள்வேலின்னு வெச்சாங்க. அது வேலியைத் தாண்டி மேய்ச்சல் நிலம், தரிசு எல்லாத்தையும் பிடிச்சுக்கிச்சு. வெட்டினா, விழுந்த துண்டெல்லாம் முளைச்சுது. கடைசியில 1926-ல் இலங்கையிலிருந்து ஒரு செதில் பூச்சியைக் கொண்டுவந்து விட்ட பிறகுதான் தென்னிந்தியாவுல அது அடங்குச்சு. செந்தட்டிக்கு இப்படி எந்த அரசாங்கமும் படை திரட்ட வேண்டி வரல. ஏன்னா அது இந்த ஊர்ச் செடி. அதைத் தின்னுற ஆட்களும் இங்கேயே இருக்காங்க. ஆமணக்கு இலையில வளர்ற பழுப்பு நிறப் பட்டாம்பூச்சிகள் செந்தட்டியிலயும் முட்டை வைக்கும். நம்மளை அழ வைக்கிற இலை, அந்தப் புழுவுக்குச் சாப்பாடு.

ஆக, ஒரு செடி வலிக்க வைக்குதாங்கிறதோட சேர்த்து இன்னொன்னும் கேட்கணும்: இது இங்க எப்படி வந்துச்சு, யாரோட வாழுது?

மாமாவுக்கு நான் சொன்ன பதில் இதான். நடைபாதை ஓரமும் குழாயடியும் புள்ளைங்க நடமாடுற இடம்; அங்க இருக்கிறதைப் பிடுங்கிருவோம். மழை பெஞ்ச மறுநாள், மண்ணு இளகி இருக்கும்போது, தடிமனான கையுறையும் முழுக்கைச் சட்டையும் போட்டு வேரோட எடுக்கணும். மேல மட்டும் வெட்டினா வேர்லிருந்து திரும்பத் துளிர்க்கும். புல் வெட்டுற மெஷினை மட்டும் விட்டுராதீங்க, துண்டு துண்டா மேல தெறிக்கும். காய் வெடிக்கிறதுக்கு முன்னாடி எடுத்தா அடுத்த வருஷ வேலை குறையும். கையில பட்டுட்டா தேய்க்காம, ஒட்டுற டேப்பை ஒட்டி மெதுவா உரிச்சுட்டு, அப்புறம் சோப்புத் தண்ணியில கழுவுங்க. மூச்சு வாங்குனாலோ முகம் வீங்குனாலோ நேரா ஆஸ்பத்திரி.

பின்பக்க வேலிக் கடைசியில, யாரும் போகாத மூலையில, ரெண்டு கொடியை மட்டும் விட்டிருக்கோம். மாமா களைக்கொல்லி டப்பாவை மறுபடி பரண்ல ஏத்திட்டாரு. அம்மாச்சிக்கு இப்போ கண்ணு சரியா தெரியாது. "எந்த மூலைடா?"ன்னு கேட்டாங்க. கையைப் பிடிச்சுக் கூட்டிட்டுப் போய்க் காட்டினேன். கொஞ்ச நேரம் நின்னு பார்த்துட்டு, "இருக்கட்டும், அதும்பாட்டுக்கு. நீ கையை உள்ள விட்றாத"ன்னாங்க.

உங்க வீட்டுத் தோட்டத்துல இது இருந்தா, பிடுங்குறதுக்கு முன்னாடி வீட்டுப் பெரியவங்ககிட்ட ஒரு தடவை பேரைக் கேட்டுப் பாருங்க. ஊருக்கு ஊர் பேர் மாறும். உங்க ஊர்ல என்ன சொல்றாங்கன்னு எங்களுக்கும் அனுப்புங்க. அடுத்த எபிசோடுல சந்திப்போம்.